நாழிகை வழி: ஆரணிக்கும் லண்டனுக்கும் இடையே ஒரு தூரத்தின் வரலாறு

வழித்தூரத்தைக் காலத்தால் சொல்வது தமிழில் பழைய வழக்கம். ஒரு நாளை 60 நாழிகைகளாகப் பகுத்த கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடமாகும். அந்த நேரத்தில் ஓர் ஆள் நடந்து கடக்கும் தொலைவுக்கு ‘நாழிகை வழி’ என்று பெயர். அதனினும் சிறியது ‘கூப்பிடு தூரம்’, அதாவது ஒருவர் உரக்கக் கூப்பிட்டால் மற்றவர் காதில் விழும் எல்லை. பெரியது ‘காதம்’, இது ஊருக்கு ஊர் வேறுபட்டாலும் ஆங்கிலேயர் காலத்து அகராதிகளில் ஏறத்தாழப் பத்து மைல் என்று கொள்ளப்பட்டது. குரலும் காலடியுமே அளவுகோலாக இருந்த அக்காலத்தில், நடப்பவரை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் தனியே அளக்கவேண்டிய தேவை வழிப்போக்கருக்கு எழவில்லை. சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று இன்று கேட்பவருக்குப் ‘பத்துப் பதினொரு மணி நேரம்’ என்று விடை கிடைக்கிறதே, அதுவும் ஒரு வகையில் நாழிகை வழிக் கணக்குத்தான். ஆனால் இரு விமான நிலையங்களுக்கு இடையேயுள்ள தூரமும் பயண நேரமும் ஒரே பொருளின் இரு பெயர்கள் அல்ல. தூரம் ஒரு முறை அளக்கப்பட்டபின் மாறாதது. நேரமோ காற்று, கடல், எரிபொருள், அரசுகளின் அனுமதி ஆகியவற்றுக்கு ஏற்ப நூற்றாண்டுதோறும், சில வேளைகளில் ஒரே ஆண்டுக்குள்ளும் மாறி வந்தது.

இந்த வேறுபாட்டைக் காண்பதற்குப் பெருநகரங்களைவிடக் கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி பொருத்தமான இடம். திருவண்ணாமலை மாவட்டத்தின் இந்தப் பட்டு நெசவு நகரத்தில் விமான நிலையம் கிடையாது. ரயில் நிலையமும் ஊருக்குள் கிடையாது. எனினும் இவ்வூரின் பெயர் 18ஆம் நூற்றாண்டிலேயே போர்ச் செய்தியாகவும், 19ஆம் நூற்றாண்டில் துணியின் பெயராகவும் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தச் செய்தியும் துணியும் எத்தனை நாளில் போயின என்பதைத் தொடர்ந்து சென்றால், தூரத்தின் வரலாற்றில் பாதி புலப்படும். மறுபாதி அளவையின் வரலாறு. முதலில் சொல்லவேண்டியது அதுதான்.

சென்னை விமான நிலையம் வடக்கு அகலாங்கு 13 பாகையை ஒட்டியும் கிழக்கு நெட்டாங்கு 80 பாகைக்குச் சற்று அப்பாலும் அமைந்துள்ளது. அகலாங்கு என்பது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோண அளவு. நெட்டாங்கு என்பது லண்டனை அடுத்த கிரீனிச் வழியாகச் செல்லும் கோட்டிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே உள்ள கோண அளவு. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் வடக்கு ஐம்பத்தொன்றரைப் பாகையை ஒட்டி, கிரீனிச் கோட்டுக்கு ஏறத்தாழ அரைப் பாகை மேற்கே உள்ளது. புவியுருண்டை மாதிரி ஒன்றில் இவ்விரு புள்ளிகளிலும் ஊசி குத்தி, தறியில் பாவு இழையை விறைப்பாகக் கட்டுவதுபோல ஒரு பட்டிழையை இழுத்துக் கட்டினால், இழை எங்கே படிகிறதோ அதுவே இரண்டுக்கும் நடுவே மிகக் குறுகிய வழியாகும். அந்த வழியை இருபுறமும் நீட்டிக்கொண்டே போனால் உருண்டையைச் சரிபாதியாகப் பிளக்கும் வட்டம் ஒன்று கிடைக்கும். ஆகையால் அதற்குப் ‘பெருவட்டம்’ என்று பெயர். சென்னைக்கும் லண்டனுக்கும் நடுவே இப்பெருவட்டத்தின் வில் ஏறத்தாழ 74 பாகை. பாகை ஒன்றுக்கு 60 கலை என்பதும், கலை ஒன்றின் நீளமே கப்பலோட்டிகளும் விமானிகளும் வழங்கும் ‘கடல் மைல்’ என்பதும், அது இன்று 1,852 மீட்டர் என்று நிலைப்படுத்தப்பட்டிருப்பதும் தெரிந்தால் மீதிக் கணக்கு எளிது: சுமார் 4,440 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர்.

தட்டையான உலகப் படத்தை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வழி விந்தையாகவே படும். அரபிக் கடலையும் எகிப்தையும் மத்தியதரைக் கடலையும் தாண்டிப் போகும் என்று எதிர்பார்க்கப்படும் கோடு, சென்னையிலிருந்து நேரே வடமேற்காகக் கிளம்பி, நாசிக்கை ஒட்டிச் சென்று, சிந்து மாகாணத்தைக் கடந்து, கிழக்கு ஈரானின் பாலைநிலத்தின் மேலாகக் காஸ்பியன் கடலை அடைகிறது. பயணத்தின் சரிபாதிப் புள்ளி அக்கடலின் மேற்குக் கரையை ஒட்டி விழுகிறது. பிறகு காகசஸ் மலைத்தொடரின் வடபுறமாக உக்ரைனுக்குள் நுழைந்து, நடு ஐரோப்பாவைக் கடந்து லண்டனை அடைகிறது. ஆரணி இந்தக் கோட்டில் இல்லை. விமான நிலையத்திலிருந்து அவ்வூர் மேற்கே சற்றுத் தெற்காகச் சாய்ந்து, நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி உள்ளது. இக்கோடு செல்லும் நாடுகளின் பெயர்களை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. பின்னால் அவை மீண்டும் வரும்.

கோணத்தை நீளமாக மாற்றும் இந்தக் கணக்கு ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது. பாகை ஒன்றின் நீளம் நிலத்தின்மேல் எவ்வளவு என்பது துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். புவி முழு உருண்டையாக இல்லாமல் துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால், அந்நீளம் இடத்துக்கு இடம் சற்று வேறுபடவும் செய்கிறது. இந்தியாவில் அதை அளந்தறியும் பெருமுயற்சி தொடங்கிய இடம், இன்றைய சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் பரங்கிமலையின் அடிவாரம் என்பது தற்செயலே ஆயினும் குறிப்பிடத் தக்கது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி, பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை, ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இத்தகைய கோட்டுக்கு ‘அடிக்கோடு’ என்று பெயர். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் அளக்காமலே கணக்கிட்டுவிடலாம். அப்படிக் கிடைத்த பக்கத்தை அடுத்த முக்கோணத்துக்கு அடியாக்கிக் கொண்டால், குன்றுக்குக் குன்று தாவி நாடு முழுவதையும் அளந்துவிடலாம். ஆகவே அந்த முதற்கோட்டில் நேரும் ஓர் அங்குலப் பிழை ஒவ்வொரு முக்கோணத்திலும் பெருகிச் செல்லும். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் படுக்கவைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளவைத் திருத்த வேண்டியிருந்தது.

அந்தச் சங்கிலிக்கு ஒரு கிளைக்கதை உண்டு. 100 அடி நீளமான அது, முதலில் 1793இல் மக்கார்ட்னி தூதுக்குழுவுடன் சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போன பொருள்களில் ஒன்று. அங்கே ஏற்கப்படாமல் திரும்பி, கல்கத்தா வழியாக லாம்டனின் கைக்கு வந்தது. உலகுக்குப் பட்டைத் தந்த நாடு வேண்டாமென்று விட்ட சங்கிலியால்தான் தமிழகத்தின் பட்டு நெசவு ஊர்களைச் சூழ்ந்த நிலம் அளக்கப்பட்டது. கோணங்களை அளப்பதற்கான பெரிய தியோடலைட்டோ அரை டன் எடை உள்ளது; இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களால் பிடிக்கப்பட்டு மொரீஷியசுக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பி வைக்கப்பட்டது. இரு நாடுகளும் போரில் இருந்த காலம் அது.

லாம்டன் தமது முக்கோணங்களை முதலில் கடற்கரையை ஒட்டித் தெற்கே கடலூர்ப் பக்கம்வரை கொண்டுசென்று, அகலாங்குப் பாகை ஒன்றின் நீளத்தைக் கண்டார். அவருக்குக் கிடைத்த விடை இன்றைய அளவில் 110.6 கிலோமீட்டரை ஒட்டியது. இக்காலக் கருவிகளும் இப்பகுதிக்கு அதே எண்ணைத்தான் தருகின்றன. பின்னர் கருங்குழிக் குன்றிலிருந்து மேற்கே திரும்பிய முக்கோணத் தொடர், பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் குன்றுகளைப் படிகளாகக் கொண்டு மைசூர்ப் பீடபூமிக்கு ஏறியது. கோட்டைகளும் ஏரிகளும் நிறைந்த ஆரணிப் பக்கத்துச் சமவெளி இவ்வாறுதான் உலக அளவையின் வலைக்குள் வந்தது. காதத்தாலும் நாழிகை வழியாலும் அறியப்பட்ட இடம், அகலாங்கும் நெட்டாங்கும் உடைய புள்ளியாயிற்று. இவ்வேலை வடக்கே நகர நகரப் பல்லாண்டுகள் நீண்டது. லாம்டன் 1823இல் நாக்பூரை அடுத்த ஹிங்கன்காட்டில், வேலை முடியுமுன்பே இறந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், இந்த அளவுகளைக் கொண்டு 1830இல் கணித்த புவி வடிவம் ‘எவரெஸ்ட் கோளவுரு’ என்ற பெயரில் இந்திய நிலப்படங்களுக்கு மிக நீண்ட காலம் அடிப்படையாக இருந்தது.

நெட்டாங்கின் கதை நுங்கம்பாக்கத்தைச் சேர்ந்தது. நெட்டாங்கு என்பது உண்மையில் நேரமே: புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால், ஒரு மணி நேர வேறுபாடு 15 பாகைக்குச் சமம். ஓரிடத்தில் நண்பகல் ஆகும்போது கிரீனிச்சில் மணி என்ன என்பது தெரிந்தால் நெட்டாங்கு கிடைத்துவிடும். 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வானாய்வுக்கூடத்தில் ஜான் கோல்டிங்காம் வியாழனின் துணைக்கோள்கள் மறைவதையும் வெளிப்படுவதையும் நோக்கி அந்த வேறுபாட்டைக் கணித்தார். சென்னை கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது என்று அவர் கண்ட அளவு, பிற்காலத்தில் விநாடிகளில் மட்டுமே திருத்தம் கண்டது. லாம்டனின் நெட்டாங்குகளும் இந்த வானாய்வுக்கூடத்தையே தொடக்கமாகக் கொண்டன. ரயில் பாதைகள் பரவியபோது இந்தச் ‘சென்னை நேரமே’ இந்திய ரயில்களின் கடிகாரமாக இருந்தது. 1906 ஜனவரி 1 முதல் கிரீனிச்சைவிட ஐந்தரை மணி முந்திய இந்தியத் திட்ட நேரம் வழக்கத்துக்கு வந்தது. இவ்வாறு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னைக்கும் லண்டனுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கணக்கிடுவதற்கு வேண்டியவை எல்லாம் கிடைத்துவிட்டன. அந்தத் தூரத்தை நேர்கோட்டில் கடப்பதற்குத்தான் ஒரு வழியும் இல்லை.

கடப்பதற்கு இருந்த வழி, ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லும் கடல்வழி. பெருவட்டத் தூரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான அந்தச் சுற்றுவழியில் பாய்க்கப்பல் சென்னையிலிருந்து லண்டனை அடைய ஐந்து முதல் ஆறு மாதம் ஆகும். 1751 டிசம்பரில், ஆர்க்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட கிழக்கிந்தியக் கும்பினியின் படை அதிகாரி ராபர்ட் கிளைவ், முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு சந்தா சாகிபின் மகன் ரசா சாகிபையும் அவருடைய பிரெஞ்சுத் துணைப்படையையும் ஆரணிக்கு அருகே வென்றார். இச்செய்திக்குத் தொலைவு மட்டும் தடையாக இருக்கவில்லை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர்வரை, துறைமுகம் இல்லாத சோழமண்டலக் கடற்கரையில் கப்பல் நங்கூரமிட்டு நிற்பது பேராபத்து என்பதால், கப்பல்கள் அதற்கு முன்பே விலகிச் சென்றுவிடும். மழைக்காலத்தில் நடந்த போரின் செய்தி கப்பல் திரும்பும்வரை கரையிலேயே காத்துக்கிடக்க வேண்டும். லண்டனிலிருந்து ஒரு கேள்வி கேட்டு விடை பெறுவதற்கு ஓராண்டு போதாது. இந்நிலையில் கும்பினியின் இயக்குநர்கள் இந்தியாவில் நடந்த போர்களைக் கட்டுப்படுத்தினார்கள் என்பது பேச்சளவில்தான் உண்மை. நடந்து முடிந்ததை அவர்கள் படித்தறிந்தார்கள் என்பதே சரி. 1782 ஜூன் மாதத்தில் மைசூரின் ஹைதர் அலியின் படையும் கும்பினித் தளபதி அயர் கூட்டின் படையும் மீண்டும் ஆரணிக்கு அருகே மோதியபோதும் செய்தி சென்ற வழி அதுவே, வேகமும் ஏறத்தாழ அதுவே.

ஆரணியின் பெயரை லண்டனுக்கு அடுத்துக் கொண்டுசென்றது துணி. இன்று பட்டால் அறியப்படும் ஆரணி, 19ஆம் நூற்றாண்டில் மெல்லிய பருத்தி மஸ்லினுக்குப் பெயர்போனது. லண்டனில் இந்தியா அலுவலகத்தின் பொருட்காட்சிப் பொறுப்பில் இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866இல் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாக வெளியிட்டார். டாக்கா மஸ்லினை விரிவாகப் பேசிய அவர், சென்னை மாகாணத்துக்கு ஆரணி மஸ்லினைக் குறிப்பிட்டார். அத்தொகுப்பின் நோக்கம் பாராட்டு அன்று. இந்திய உடைப் பழக்கத்தை மான்செஸ்டர் ஆலைக்காரர்கள் கற்றுக்கொண்டு அதற்கேற்ற துணியை இங்கே அனுப்ப வேண்டும் என்பதே அதன் நோக்கம். பயண நேரம் குறைந்ததில் முதல் ஆதாயம் யாருக்குப் போயிற்று என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

ஏனெனில் அப்போது நேரம் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. 1830இல் ‘ஹியூ லிண்ட்சே’ என்ற நீராவிக் கப்பல் பம்பாயிலிருந்து சூயசுக்கு ஏறத்தாழ ஒரு மாதத்தில் சென்று காட்டியது; தபாலும் பயணிகளும் அங்கிருந்து எகிப்தின் குறுக்கே தரைவழியாக அலெக்சாந்திரியாவை அடைந்து மீண்டும் கப்பல் ஏறினர். 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. 1870இல் பம்பாயையும் இங்கிலாந்தையும் கடலடித் தந்திக்கம்பி இணைத்தபோது, செய்தியின் நேரம் ஆளின் நேரத்திலிருந்து பிரிந்தது. சொல் சில மணி நேரத்தில் போக, சொன்னவர் போவதற்கு வாரக்கணக்கு ஆயிற்று.

தரையிலும் மாற்றம் வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து ஓடியது. அது சென்று நின்ற இடம் ஆரணிக்கு வடக்கே, ஆர்க்காட்டைத் தாண்டி உள்ள வாலாஜா ரோடு. ஏறத்தாழ 100 கிலோமீட்டரைச் சில மணி நேரத்தில் கடந்துவிடும் பொதி, ஆரணியிலிருந்து அந்த நிலையத்துக்குச் செல்ல மாட்டுவண்டியில் ஒரு நாளுக்குக் குறையாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்கு மீட்டர் பாதை போடப்பட்டபோதும் அது ஆரணிக்குள் நுழையவில்லை. ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தள்ளிக் களம்பூரில் நிலையம் அமைந்து, ‘ஆரணி ரோடு’ என்று பெயர் பெற்றது. நிலையத்தின் பெயரில் ‘ரோடு’ என்று வந்தால், ஊர் அங்கே இல்லை, ஊருக்குப் போகும் சாலை மட்டுமே அங்கே உண்டு என்று பொருள் கொள்ளலாம். ஆரணிக்கு இருபுறமும் இருந்த இரு நிலையங்களும் இப்பெயரையே தாங்கியிருப்பது, ஊரின் போக்குவரத்து வரலாற்றை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது.

வானத்தின் கதை சென்னையில் முன்னதாகவே தொடங்கியது. 1910 மார்ச்சில், சென்னையில் விடுதி நடத்திவந்த ஜாகோமோ தாஞ்செலிஸ் என்ற கார்சிகாக்காரர், சிம்ப்சன் நிறுவனத்தில் கட்டுவித்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்து, பின் தீவுத்திடலில் மக்களுக்குக் காட்டினார். ஆனால் இது வேடிக்கை, போக்குவரத்து அன்று. லண்டனுக்கு முறையான வான்வழி 1929 மார்ச் 30 அன்று இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தால் திறக்கப்பட்டது. லண்டனை அடுத்த கிராய்டனிலிருந்து பாசல்வரை விமானம், பாசலிலிருந்து ஜெனோவாவரை ரயில், அங்கிருந்து அலெக்சாந்திரியாவரை கடல்விமானம், பிறகு கெய்ரோவிலிருந்து பாக்தாத், பாரசீக வளைகுடா வழியாகக் கராச்சிவரை வேறொரு விமானம் என்று அந்தப் பயணம் ஏழு நாள் எடுத்தது. கராச்சிக்கு இப்பால் உள்ள இந்தியாவுக்கு வழி 1932 அக்டோபர் 15 அன்று அமைந்தது. ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் பைகளுடன் ஒற்றை எஞ்சின் ‘புஸ் மாத்’ விமானத்தை அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஓட்டிவர, நெவில் வின்சென்ட் அங்கிருந்து பைகளை ஏற்றிக்கொண்டு பெல்லாரியில் இரவு தங்கி மறுநாள் சென்னைக்கு வந்து சேர்ந்தார். கராச்சி, அகமதாபாத், பம்பாய், பெல்லாரி, சென்னை என்னும் இந்த வரிசையைப் படத்தில் குறித்தால், அது சென்னை–லண்டன் பெருவட்டக் கோட்டைச் சுற்றியே வளைந்து வளைந்து செல்வது தெரியும்.

அதே 1932இல், வானத்தில் தூரத்தைவிட அனுமதி பெரிது என்பதும் வெளிப்பட்டது. தன் கரையோரமாகப் பறப்பதற்குக் கொடுத்திருந்த அனுமதியைப் பாரசீக அரசு நீட்டிக்க மறுத்ததால், இம்பீரியல் ஏர்வேஸ் வளைகுடாவின் மறுகரைக்கு, ஷார்ஜா வழியாகத் தன் பாதையை மாற்றிக்கொண்டது. பாலைவனத்தில் விமானம் இரவு தங்க ஓர் இடம் அமைந்ததே அரபு வளைகுடாவின் விமானப் போக்குவரத்துக்குத் தொடக்கம். இன்று தமிழர்கள் ஐரோப்பாவுக்கு விமானம் மாறும் பெரு நிலையங்கள் பல அதே கரையில் இருப்பதற்கு எண்ணெய் மட்டுமே காரணம் என்பது பாதி விடைதான்.

விடுதலைக்குப்பின் 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் ‘மலபார் பிரின்சஸ்’ பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டு 10ஆம் தேதி சேர்ந்தது. 1949இல் தொடங்கிய இரவு விமானத் தபால் திட்டத்தில் சென்னை, பம்பாய், டெல்லி, கல்கத்தா ஆகிய நான்கிலிருந்தும் கிளம்பும் விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடித் தபால் பைகளை மாற்றிக்கொண்டன; லாம்டன் பல்லாண்டுகளில் அளந்து போய்ச் சேர்ந்த நாட்டின் நடுப்பகுதிக்குச் சென்னைக் கடிதம் ஒரே இரவில் போயிற்று. 1960இல் ஏர் இந்தியாவுக்கு ஜெட் விமானங்கள் வந்தபின் லண்டன் பயணம் நாட்கணக்கிலிருந்து மணிக்கணக்குக்கு இறங்கியது. அதன்பின் பயணிகள் விமானத்தின் வேகம் பெரிதாகக் கூடவில்லை. அன்று போலவே இன்றும் அது மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டியே உள்ளது. இடைநிறுத்தங்கள் நீங்கியதும் கட்டணம் குறைந்ததுமே பின்னர் நேர்ந்த மாற்றங்கள்.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால் 8,230 கிலோமீட்டருக்கு ஒன்பது மணி நேரம் சிறிது கூடுதலாகப் போதுமே, பத்து, பதினொன்று என்று ஏன் அட்டவணையில் காட்டப்படுகிறது என்பதற்கு விடைகள் சில உண்டு. அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் அன்று. நிற்குமிடத்திலிருந்து விமானம் அசைந்தது முதல், சேருமிடத்தில் நின்றதுவரை கணக்கிடும் ‘பிளாக் நேரம்’. அடுத்தது காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ‘ஜெட் காற்றோட்டம்’, லண்டனிலிருந்து வரும் விமானத்தைத் தள்ளிவிட்டு, லண்டனுக்குப் போகும் விமானத்தைத் தடுக்கிறது; ஆகவே ஒரே தூரத்துக்கு வருகை ஏறத்தாழப் பத்து மணி, போக்கு ஏறத்தாழப் பதினொரு மணி. பயணச்சீட்டில் இதுவும் தெரியாது. சென்னையில் காலை 6 மணிக்குப் புறப்பட்டு 11 மணி நேரம் பறந்தவர், குளிர்காலத்தில் லண்டன் கடிகாரத்தில் முற்பகல் 11.30க்கு இறங்குவதால், ஐந்தரை மணி நேரமே ஆனதுபோல் அச்சீட்டுத் தோற்றம் தரும். கோல்டிங்காம் வியாழனைப் பார்த்துக் கணித்த அதே வேறுபாடு, திட்ட நேரத்தின் சிறு திருத்தத்தோடு, சீட்டில் ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது விடை அனுமதி. முன்பு மனத்தில் இருத்திய நாடுகளின் பெயர்கள் இங்கே மீண்டும் வருகின்றன. 2019 பிப்ரவரி முதல் ஜூலைவரை பாகிஸ்தான் தன் வான்வெளியின் பெரும்பகுதியை மூடியது. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியது முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு இல்லையென்றாயிற்று. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தானும், தொடர்ந்து பாகிஸ்தான் விமானங்களுக்கு இந்தியாவும் வான்வெளியை அடைத்தன. பட்டிழையைக் கட்டிக் கண்ட மிகக் குறுகிய கோடு சிந்துவையும் உக்ரைனையும் கடப்பதால், சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே அந்தக் கோட்டை அப்படியே பின்பற்றிப் பறக்கும் விமானம் இன்று ஒன்றும் இல்லை. 1932இல் பாரசீகக் கரையில் நேர்ந்தது நூற்றாண்டு முடியுமுன் வேறு கரைகளில் நேர்கிறது. தூரத்தைச் சங்கிலி முடிவு செய்தது. நேரத்தை முடிவு செய்வது இன்றும் அரசுகளே.

ஆரணியின் கண்ணோட்டத்தில் லண்டன் ஒரு திசை மட்டுமே; பட்டுச்சேலையின் வெளிநாட்டுப் பயணத்தில் சிங்கப்பூரும் மலேசியாவும் வளைகுடா நாடுகளும் அதனினும் நெருக்கமானவை. சென்னையிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் எதிரெதிர்த் திசையில் ஏறத்தாழ ஒரே தொலைவில், 2,900 கிலோமீட்டரை ஒட்டி, நான்கு மணி நேரப் பறப்பில் உள்ளன. 1926 முதல் 1973வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் அந்தக் கிழக்குத் திசைப் பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. அதன் இடத்துக்கு வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்தபின் அக்கடல்வழிப் பயணமே நின்றுபோயிற்று. இப்போது முகூர்த்தச் சேலைகள் பெரும்பாலும் உறவினரின் பெட்டிக்குள், பயணச்சீட்டில் அனுமதித்த எடைக்குள் அடங்கியே செல்கின்றன. பட்டுச்சேலை எடை குறைந்து விலை உயர்ந்த பண்டமாகையால் வான்வழிக்கு அதைவிடப் பொருந்தியது அரிது. நூல் கர்நாடகத்தின் ராமநகரம், சித்லகட்டா சந்தைகளிலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வந்து சேர, ஆரணியின் கைத்தறியில் பல நாள் நெய்யப்படும் ஒரு சேலை, பாதி உலகத்தைக் கடக்க எடுப்பது அந்த நெசவு நேரத்தின் ஒரு சிறு பங்கே. 2008இல் ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது அப்பெயரை அந்த இடத்தில் நெய்த துணிக்கு மட்டுமே வழங்கலாம் என்ற சட்டப் பாதுகாப்பு. இடத்தை அகலாங்காலும் நெட்டாங்காலும் குறித்த அளவைக்குப்பின், இடத்தை ஒரு துணியின் பெயரால் குறிக்கும் அளவை இது.

கடைசியாக மிஞ்சுவது ஊருக்கும் ஓடுபாதைக்கும் நடுவேயுள்ள 100 கிலோமீட்டர். லண்டன் தூரத்தில் அது எண்பதில் ஒரு பங்கு. விமானத்தின் வேகத்தில் ஏழு நிமிடம். சாலையிலோ அது 120 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, செய்யாறு அல்லது ஆர்க்காடு, காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஊர் ஊராகக் கடந்து, பேருந்தில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் எடுக்கிறது. லண்டன் பறப்பில் கால்பங்குக்கு மேலான நேரத்தை எண்பதில் ஒரு பங்குத் தூரம் விழுங்கிவிடுகிறது. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆர்க்காடு, ராணிப்பேட்டை வழியாக ஆந்திரத்தின் நகரிவரை ஏறத்தாழ 180 கிலோமீட்டருக்கு அகலப்பாதை அமைக்க 2006–07இல் அனுமதி தரப்பட்டது. அந்தப் பாதையில் ஆரணிக்கு இன்னும் ரயில் ஓடவில்லை. ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் இன்றும் களம்பூருக்குத்தான் போகிறார்கள்.